உசனார் காக்காவின் கண்ணாடி

மத்தியான லுஹர் தொழுகை முடிந்து கடைக்குத் திரும்பியதும், உசனார் காக்கா கழுத்தில் கிடக்கும் அளவு நாடாவைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார். மேசைக்கடியில் இருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுக்கிறார். உடுப்புப் போட்டுப் பார்க்கிற மூலைக்குள் போய்த் திரையை இழுத்து விடுகிறார். அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும், திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து சுவரோரம் கிடக்கும் வாங்குப் பலகையைக் காட்டும். இருக்க வேண்டும், பேசக் கூடாது, காத்திருக்க வேண்டும். சோறு தின்ன இவ்வளவு நேரம் எடுக்கும் மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

காத்தான்குடியில் வாவிக்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது அந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. உசனார் டெயிலர் என்றால் பஸ் தரிப்பில் நிற்கும் யாரும் கை காட்டுவார்கள். வயதில் இளையவர்களுக்கு அவர் காக்கா, அதாவது அண்ணன். நான் களுவாஞ்சிக்குடியில் படிப்பிக்கிறவன். எங்கள் ஊரில் தையல்காரருக்குப் பஞ்சமில்லை. இருந்தும் துணியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருவதற்குக் காரணம் என் வயிறுதான். வருசா வருசம் முன்னேறிக்கொண்டு போகும் அந்த வயிற்றை ஊருக்குக் காட்டிக் கொடுக்காமல் காற்சட்டை தைக்கத் தெரிந்தவர் இவர் ஒருவர். இடுப்பளவை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். நாடாவைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், ஒரு பெருமூச்சு விடுவார். அதிலேயே எல்லாம் அடங்கிவிடும்.

வயது ஐம்பத்தெட்டு. ஒடிசலான உடம்பு, வெள்ளைத் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. முகம் மட்டும் நேராக இராது. இடது தாடை உள்ளே வாங்கி, நாடி அந்தப் பக்கமாக இழுபட்டிருக்கும். வலது கன்னத்தில் அடர்த்தியாக நரைத்த தாடி, இடது கன்னத்தில் ஒரு மயிர் கிடையாது. காதடியில் தொடங்கித் தாடையின் கீழாக நாடி வரைக்கும் ஒரு தழும்பு ஓடுகிறது. வேறு யாராவது என்றால் ஒரு துவாயைக் கழுத்தில் சுற்றி அதை மறைத்திருப்பார்கள். இவர் புதிதாக வருகிறவர்களிடம் தலையை அண்ணாந்து காட்டுவார்.

"நல்லாப் பாருங்க. வெளிய ஒரு நூல் தெரியிதா? உள்தையல். எங்கட டொக்டர்ட கை அது."

ஒப்பரேசன் முடிந்து, மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் அவர் முதலில் கேட்டது, என்ன நூலால் தைத்தீர்கள் என்பதைத்தானாம். வாய் பேச முடியாத நிலை. கையால் தைத்துக் காட்டிக் கேட்டிருக்கிறார். டொக்டர் சிரித்துவிட்டு, நூல் இருந்த உறையையே கொண்டுவந்து காட்டினாராம். இதைச் சொல்லும்போது காக்காவின் தோரணையைப் பார்க்க வேண்டும். அந்த டொக்டர் இவருடைய கடையில் தொழில் பழகிப் போனவர் என்றே கேட்பவர் நினைப்பார்.

பரிதாபம் அவருக்கு ஆகாது. ஒரு முறை சட்டைத் துணி கொண்டுவந்த ஒருவர் அவர் முகத்தைப் பார்த்து "பாவம்" என்று சொல்லிவிட்டார். காக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். துணியை மடித்து, அவர் கையிலேயே கொடுத்தார்.

"பாவம் எண்டு சொல்ற ஆளுக்கு நான் தைக்கிறல்ல. கொலர் கோணிப் போகும்."

அவர் திரைக்குள்ளே என்ன செய்கிறார் என்பது எனக்கு வாவிக் காற்றால்தான் தெரியவந்தது. கச்சான் காற்று வீசும் மாதத்தில் ஒரு மத்தியானம், வாங்கில் நான் காத்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கை வழியாக வந்த காற்று திரையை முழுதாகத் தூக்கிவிட்டது. உள்ளே ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் முக்காலியில் இருந்து, தன் முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார் காக்கா. குழையப் பிசைந்த சோறு. விரல் நுனியால் கொஞ்சம் எடுத்து, ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்காத வாய்க்குள் தள்ளுகிறார். மெல்ல அரைக்கிறார். கண்ணாடியில் இடது உதட்டோரத்தைப் பார்க்கிறார். அங்கே ஒட்டியிருக்கும் பருக்கையைத் துணியால் துடைக்கிறார். மறுபடி ஒரு வாய்.

கண்ணாடிக்குள் என் முகத்தைக் கண்டுவிட்டார். நான் எழும்பப் பார்த்தேன்.

"பாத்ததப் பாத்திட்டீங்க. இனி எங்க ஓடுற? இரிங்க சேர்," என்றார். கதை அன்றைக்குத்தான் முழுதாக வந்தது.

இளம் வயதிலிருந்தே இடது கடைவாயில் வெற்றிலையும் புகையிலையும் அதக்கி வைத்துக்கொண்டு மெசின் மிதித்தவர். அந்த இடத்திலேயே புற்று வந்தது. வெட்டி எடுத்துவிட்டு, கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். இங்கே அதை எல்லோரும் கரண்ட் பிடிப்பது என்பார்கள். நோய் போனது. வெற்றிலைத் தட்டத்தை அவர் மனைவி ஆயிஷா உம்மா தன் கையாலேயே வாவியில் எறிந்தார். கிளினிக்கில் ஒரு விசயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கரண்ட் பட்ட பக்கம் எந்தப் பல்லையும் எங்களிடம் சொல்லாமல் பிடுங்கக் கூடாது.

இரண்டு வருசம் கழித்து அந்தப் பக்கத்தில் ஒரு கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கியது. பெருநாள் உடுப்புகள் மலை போலக் குவிந்து கிடந்த நேரம். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் வேலை கெட்டுவிடும். காக்கா யோசித்தார். பொத்தான் தைக்கிற மெழுகு நூலை எடுத்துப் பல்லில் ஒரு முடிச்சுப் போட்டார். மறு நுனியை மெசின் சக்கரத்தில் சுற்றினார். பெடலை ஒரு மிதி மிதித்தார்.

"டொக்டர்மார் சொன்ன, கொறடு வெச்சிப் புடுங்கக் கூடா எண்டுதானே? நான் புடுங்கல்ல சேர். அது வரப் பாத்திச்சி, நான் வழி உட்டன்."

இப்படி ஒரு நியாயத்தை ஒரு தையல்காரரைத் தவிர வேறு யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. பல் வந்துவிட்டது, குழி மூடவில்லை. கிழமைகள் போய் மாதமானது. ஒருநாள் நாக்கில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. விரலால் தடவிப் பார்த்தார். குழிக்குள் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. காக்காவுக்கு ஒரே சந்தோசம். இந்த வயதில் தனக்குப் புதிதாகப் பல் முளைக்கிறது என்று பள்ளிவாசலில் நாலு பேருக்குச் சொல்லியும் விட்டார். ஆயிஷா உம்மாதான் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் சொன்னார்.

"இஞ்சாருங்க, இது பல்லில்ல. இது எலும்பு."

கரண்ட் பட்ட தாடையெலும்பில் இரத்த ஓட்டம் குறைந்துவிடும், அதனால் காயம் பட்டால் ஆறாது, எலும்பு அப்படியே செத்துப் போகும் என்று கிளினிக்கில் பல் டொக்டர் அவருக்கு விளங்கப்படுத்தினார். காக்கா அதைத் தன் தொழிலுக்கு மாற்றி எனக்குச் சொன்னார்: "இத்துப்போன துணி சேர். பாக்க முழுசா இரிக்கும். ஒரு தையலப் பிரிச்சிட்டா, மறுகா ஊசி புடிக்க எடம் இரிக்கா." கழுவினார்கள், மருந்து கொடுத்தார்கள், மாதக் கணக்கில் பார்த்தார்கள். கன்னத்தில் துளை விழுந்து சீழ் வடியத் தொடங்கியதும், செத்த எலும்பை வெட்டி எடுத்தார்கள். அதோடு இடது பக்கக் கீழுதடும் மரத்துப் போனது. சோறு ஒட்டினாலும் எச்சில் வடிந்தாலும் அந்த உதடு அவருக்குச் சொல்வதில்லை. அதனால்தான் கண்ணாடி.

கிளினிக் வாங்கில் அவருக்கு ஒரு சிநேகிதமும் கிடைத்திருக்கிறது. தேற்றாத்தீவைச் சேர்ந்த ஆச்சிப்பிள்ளை என்ற அம்மா. மார்பில் வந்த புற்று எலும்புக்குப் பரவியதால், எலும்பைக் காக்க ஊசி போட்டு வந்தவர். ஊசி விசயத்தைச் சொல்லாமல் பல்லைப் பிடுங்கியதில் அவருக்கும் தாடையெலும்பு இதே போல வெளியே தெரிந்துவிட்டது. கரண்ட் மட்டுமில்லை, சில மருந்தும் இதைச் செய்யும் என்று காக்கா அறிந்துகொண்டது அப்படித்தான். இப்போது கழுத்தளவு எடுக்கிற சாட்டில் எல்லோரையும் விசாரிக்கிறார். வீட்டில் யாருக்கும் கரண்ட் பிடித்ததா, எலும்புக்கு ஊசி போடுகிறார்களா, அப்படியென்றால் பல் டொக்டரிடம் முதலே சொல்லுங்கள். கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த மாப்பிள்ளை ஒருவர் இந்த விசாரணையில் வெலவெலத்துப் போனதை நானே பார்த்தேன்.

இவ்வளவு துணிந்த மனிதர் ஒரு விசயத்தில் மட்டும் கோழையாக இருந்தார். கடைசி மகள் நஸ்ஹாவுக்கு ஏறாவூரில் இருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அக்ரம், நல்ல பிள்ளை. அவருடைய வாப்பா அலியார் ஹாஜியார் மரம் விற்கும் மரக்காலை வைத்திருப்பவர், ஆள் கொஞ்சம் பெரிய சத்தம். பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று தட்டுத் தட்டாகப் பலகாரம் வைத்தார்கள். காக்கா ஒன்றையும் தொடவில்லை. கேட்டபோது, நோன்பு என்றார். அடுத்து நாள் குறிக்க வந்தார்கள். அன்றைக்கும் நோன்பு. ஏறாவூருக்கு விருந்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயும் நோன்போடுதான் போனார்.

"பொய் சொன்னீங்களா காக்கா?" என்று நான் கேட்டதற்கு மூக்கு நுனிக் கண்ணாடிக்கு மேலால் முறைத்தார்.

"நோன்பு புடிக்காம நோன்பு எண்டு சொல்ற பழக்கம் எனக்கில்ல. அவங்க வாற நாளைக் கேட்டுட்டு, விடிய முன்ன சஹர் செஞ்சி, நிய்யத்து வெச்சித்தான் புடிச்ச."

விளைவு வேறு விதமாக முடிந்தது. மார்க்கத்தில் இவ்வளவு பேணுதலான மனிதரைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று அலியார் ஹாஜியார் ஏறாவூர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். கல்யாணத்தன்று பெண் வீட்டுச் சோற்றில், தானும் மகனும் சம்பந்தியோடு ஒரே சஹனில்தான் இருப்போம் என்று ஆள் விட்டும் அனுப்பினார். சஹன் என்றால் தெரியுமல்லவா? பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி இருந்து ஒன்றாகக் கை வைத்துத் தின்பது. உங்கள் கையும் அடுத்தவர் கையும் ஒரே சோற்றில். உங்கள் வாயிலிருந்து விழுகிற பருக்கை எல்லோருக்கும் முன்னால் விழும்.

காக்கா தப்பிக்க வழி தேடினார். அன்றைக்குச் சோறு ஆக்கும் கிடாரத்தடியில் நின்று பந்தி பார்க்கப் போவதாகச் சொன்னார். நஸ்ஹா விடவில்லை. நான் கடையில் இருந்த நேரம் பார்த்து வந்து, கதவடியில் நின்று சொன்னாள்.

"எல்லாப் புள்ளைகள்ட வாப்பாவும் மாப்பிள்ளையோட சஹனில இருந்தாங்க. என்ட வாப்பா மட்டும் சோத்துச் சட்டிக்குக் காவலா?"

"புள்ள, அவங்க முன்னுக்கு என்ட வாயில இருந்து சோறு கொட்டினா ஒனக்குத்தான் வெக்கம்."

"நீங்க இல்லாட்டித்தான் எனக்கு வெக்கம், வாப்பா."

அவள் போய்விட்டாள். காக்கா வெகு நேரம் மெசின் சக்கரத்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சேர், அண்டைக்கு நீங்க எனக்கு நேர முன்னுக்கு இருக்கணும்."

"நானா? மாப்பிள்ளை சஹனிலயா?"

"ஓம். மாடில்ல, ஆட்டிறைச்சிதான், பயப்படாதீங்க. என்ட ஒதட்டில சோறு இரிந்தா ஒங்கட ஒதட்டத் தொடைங்க. நான் பாத்துத் தொடைப்பன். அவ்வளவுதான் வேலை."

கல்யாணங்களில் நான் மொய் எழுதியிருக்கிறேன், வாழ்த்துப்பா வாசித்திருக்கிறேன். கண்ணாடியாக வேலைக்கு அமர்த்தப்பட்டது அதுதான் முதல் தடவை. மறுக்கத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருந்தது. தன் முகத்தை ஒருவர் அப்படி நம்பி ஒப்படைப்பது எல்லோருக்கும் கிடைக்கிற மரியாதையா?

கல்யாண வீட்டு முற்றத்தில் பந்தலின் கீழ் பாய்கள் விரித்திருந்தார்கள். மாப்பிள்ளை போட்டிருந்த கோட்டு காக்காவின் கைவேலை, தோளில் ஒரு சுருக்கம் கிடையாது. சஹன் வந்தது. அக்ரம், அவருக்குப் பக்கத்தில் அலியார் ஹாஜியார், பிறகு நான், ஹாஜியாரின் தம்பி, பள்ளிவாசல் பெரியவர் ஒருவர். எனக்கு நேர் எதிரே, மாப்பிள்ளைக்கு மறுபக்கம், உசனார் காக்கா. அவருடைய முகம் சலவை செய்த துணி போல வெளுத்திருந்தது. பிஸ்மி சொல்லி எல்லோரும் கை வைத்தார்கள்.

அவர் ஆணக் குழம்பை ஊற்றித் தன் பக்கத்துச் சோற்றை நன்றாகப் பிசைந்தார். முதல் வாய் போனது. நான் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இரண்டாவது வாயில் உதட்டோரம் ஒரு பருக்கை. என் உதட்டைத் துடைத்தேன். அவரும் துடைத்தார். மூன்றாவது வாய்க்கும் அப்படியே. எதிரே இருந்த இறைச்சி என்னை எவ்வளவு கூப்பிட்டும் நான் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையில் எடுத்த சோறு ஆறிக்கொண்டிருந்தது.

ஆனால் அலியார் ஹாஜியாரின் கண் என்மீது விழுந்துவிட்டது.

"என்ன சேர், தின்னாமலே வாயத் தொடைக்கிறீங்க? எங்கட ஆக்கள்ட சோறு புடிக்கல்லியா?" பெரிய சத்தம் என்று முதலே சொன்னேன். அடுத்த சஹன்களில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்புக் கிளம்பியது. "கையில சோத்த வெச்சிக்கிட்டு சும்மா இரிக்காரே. நம்மட சஹனில கை போட அவருக்குக் கூச்சம் போல."

எனக்குக் காது சுட்டது. ஆறு பேர் கை வைத்த சோற்றை நான் அருவருப்பதாக அவர்கள் நினைத்துவிட்டார்கள் என்பது புரிந்தது. என்ன சொல்வது? சொன்னால் காக்காவைக் காட்டிக் கொடுத்தவனாவேன். கையிலிருந்த சோற்றை அவசரமாக வாயில் போட்டு மென்றேன்.

காக்கா நிமிர்ந்தார்.

"சம்மந்தி, அவருக்கு ஒரு கூச்சமுமில்ல," என்றார். சத்தம் கூட்டாமல் சொன்னாலும் பந்தல் முழுக்கக் கேட்டது. "நான்தான் அவர அப்படி இருக்கச் சொன்ன. என்ட இந்த ஒதடு செத்த ஒதடு. கரண்ட் புடிச்ச எலும்பு பழுதாகி வெட்டின. சோறு ஒட்டினா எனக்குத் தெரியா. அவரு எனக்குக் கண்ணாடி."

அலியார் ஹாஜியாரின் கை சஹன் விளிம்பில் அப்படியே நின்றது.

"அப்ப... அந்த நோன்பெல்லாம்?"

"அதெல்லாம் புடிச்ச நோன்புதான். ஒங்களுக்கு முன்னுக்குத் தின்ன வெக்கப்பட்டுப் புடிச்ச. அதுக்கு நன்மை எழுதுவானோ என்னவோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்."

முதலில் சிரித்தவர் பள்ளிவாசல் பெரியவர். பிறகு ஹாஜியாரின் தம்பி. கடைசியாக ஹாஜியாரும் தோள் குலுங்கச் சிரித்தார், சிரித்து முடித்தபோது கண்ணைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார். அவர் என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் காக்கா சஹன் நடுவில் இருந்த பெரிய இறைச்சித் துண்டை எடுத்துவிட்டார். தன்னால் கடிக்க முடியாத அந்தத் துண்டை, வீட்டுக்காரர் செய்யும் முறைப்படி, விரலால் நார் நாராகப் பிய்த்தார். ஒரு பங்கைச் சம்பந்தியின் பக்கம் தள்ளினார். ஒரு பங்கை மாப்பிள்ளைக்கு. ஒரு பங்கு என் பக்கம் வந்தது.

"தின்னுங்க சேர். ஒங்கட சோறு ஆறிப்போச்சி."

நான் தின்னத் தொடங்கினேன். அன்றைக்குத் தின்ற சோற்றின் ருசியை வேறொரு நாள் எழுத வேண்டும். அவரும் ஒரு வாய் எடுத்துப் போட்டார். உதட்டோரம் மறுபடி ஒரு பருக்கை ஒட்டியது. நான் பழக்கத்தில் கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தொப்பியைச் சரி செய்துகொண்டு, அந்தக் கோணல் தாடையை மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராகத் திருப்பி, பருக்கை இருக்கிறதா என்று கேட்பது போலப் புருவத்தை உயர்த்தியபடி இருந்தார்.